தடியனின் கடைவாய்ப் பற்கள்

அந்தத் தெருவில் அவரைப் பல்செட்காரர் என்றால்தான் தெரியும். மருத்துவமனைகளிலிருந்து வரும் அச்சுகளை வைத்துப் பொய்ப்பல் செய்து கொடுப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக அவர் பிழைப்பு. கல்யாண வீட்டில்கூட யாராவது அவரை ஓரமாக இழுத்துப்போய் வாயைப் பிளந்து காட்டுவார்கள். அவரும் சலிக்காமல் எட்டிப் பார்த்து, "ஈறு வீங்கியிருக்கு, நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க" என்பார்.

அவர் வீட்டு நாய் தடியனுக்கு ஒன்பது வயது. ஒரு வருடமாகவே அதன் வாய் நாறியது. மனைவி சொன்னபோது, "நாய் வாய் நாறாம பின்ன மணக்கவா செய்யும்?" என்று சிரித்தார். மடியில் முகம் வைக்க வந்தால் முழங்காலால் தள்ளிவிட்டார். அதன் படுக்கையும் கூடத்திலிருந்து பின்வாசலுக்குப் போனது.

பிறகு தடியன் சாப்பாட்டைக் கவ்வுவதும் கீழே போடுவதுமாக இருந்தது. "கொழுப்பு ஏறிப்போச்சு இவனுக்கு" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றாம் முறையாகத் தட்டை முகர்ந்துவிட்டு அது திரும்பியபோது கன்னத்தில் ஒன்று வைத்தார். பெரிய அடி இல்லை. ஆனால் தடியன் வீறிட்ட வீறலில் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். தரையில் எச்சிலோடு ரத்தம் கிடந்தது.

கால்நடை மருத்துவர் இளம்பெண். தடியனின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். கடைவாய்ப் பற்களின்மேல் பழுப்புக் காறை ஓடு மாதிரி ஏறியிருந்தது. ஈறு செக்கச்செவேலென்று பல்லை விட்டு விலகி, அடியில் சீழ் கட்டியிருந்தது. மனித வாயாக இருந்திருந்தால் பல்செட்காரர் பார்த்த மாத்திரத்தில் பதறியிருப்பார். ஒன்பது வருடத்தில் அந்த உதட்டை அவர் ஒருநாள்கூடத் தூக்கிப் பார்த்ததில்லை.

"ரொம்ப நாளா வலிச்சிருக்கும் சார். வீட்ல பல் தேய்ச்சு விட்டதே இல்லையா?"

"இல்லம்மா."

"பரவாயில்ல, நிறைய பேருக்குத் தெரியறதில்ல." சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்: "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"ஒரு... கம்பெனியில."

மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து தடியனின் தலையைத் தடவினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மயக்க மருந்து கொடுத்து ஆறு பற்களைப் பிடுங்கினார்கள். புண் ஆறியதும் தினமும் தேய்த்துவிடச் சொன்னார் மருத்துவர். நம்முடைய பேஸ்ட் ஆகாது, நாய் விழுங்கிவிடும். நாய்க்கென்றே விற்பதை வாங்க வேண்டும். வாயைப் பிளக்க வேண்டியதில்லை, உதட்டைத் தூக்கி வெளிப்பக்கம் தேய்த்தால் போதும்.

ஆனால் முதல்நாள் கையைக் கன்னத்தருகே கொண்டுபோனதுமே தடியன் கண்ணை இறுக மூடிக்கொண்டது. அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அன்று எதுவும் செய்யவில்லை. ஐந்து நாள் வெறுமனே பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை விரித்து வைத்திருந்தார். ஆறாம் நாள் விரலிலிருந்த பேஸ்ட்டை நக்கியது. அடுத்த நாள் ஈரத்துணியை விரலில் சுற்றி ஒரே ஒரு பல். அப்புறம் மெல்லிய பிரஷ், ஈறும் பல்லும் சேருமிடத்தில் சின்னச் சின்ன வட்டமாக. வேலைவிட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்துவிடுவார்.

மூன்றாம் மாதம் மருத்துவர் பார்த்துவிட்டு வியந்தார். "யார் சார் தேய்ச்சு விடறது? கை தேர்ந்த வேலையா இருக்கே!"

சிரித்து மழுப்பியிருக்கலாம். "நான் பல்செட் செய்யறவன் டாக்டர்," என்றார் தரையைப் பார்த்தபடி. "அன்னிக்கு நிஜத்தைச் சொல்ல வாய் வரல. கன்னத்துல அடிச்சதையும் சொல்லல."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு தடியனின் மேலுதட்டைத் தூக்கினார். "சரி, இங்க பாருங்க. இந்தப் பின்பல்லு ஓரத்தை விட்டுட்டீங்க."

காதுமடல் சுட, அவர் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார். மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று இருக்கத்தான் செய்தது.