கோமதி அக்காவுக்கு இங்கிலீஷ் வைத்த பெயர்

கோமதி அக்கா காலமான செய்தி ஒரு முதுகின் படத்தோடு எனக்கு வந்தது. காலையில் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். அவருடைய முகம் தெரியும் படங்கள் எங்களிடம் எத்தனையோ உண்டு. ஓணத்துக்குப் பூக்களம் போட்டபோது எடுத்தது, ஓய்வு பெற்ற அன்று மாலையோடு எடுத்தது. இருந்தும் எவரோ தேடிப் பிடித்து அந்த முதுகு ஓவியத்தைத்தான் போட்டிருந்தார்கள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. இதை எழுதும்போதும் அது தணியவில்லை. தணியட்டும் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா திருவனந்தபுரத்தின் கரமனையில் பிறந்து கரமனையிலேயே வாழ்ந்தவர். அந்த ஊரிலேயே ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் பல ஆண்டுகள் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர். திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்து, மலையாளம் வராமல் நான் விழித்துக்கொண்டிருந்த நாட்களில், என்னிடம் குரல் உயர்த்தியவர்களிடம் எனக்காகச் சண்டைக்குப் போனவர். மதியம் கேட்காமலே என் டப்பாவைத் திறப்பார். "இன்னிக்கும் உருளைக்கிழங்கா? கஷ்டம்டீ!" என்று சொல்லித் தன் கூட்டில் பாதியை என் பக்கம் தள்ளுவார். இப்பேர்ப்பட்டவரைத்தான் இங்கிலீஷ் படிக்கிற உலகம் கல்நெஞ்சுக்காரி என்று அறிந்து வைத்திருக்கிறது.

அவர் இளம்பெண்ணாக இருந்தபோது தந்தை இறந்தார். தாய் முன்பே போய்விட்டார், உடன்பிறந்தவர்கள் இல்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த தந்தையைக் குளிப்பாட்டியதும் ஊட்டியதும் இவர் ஒருவரே. "கொள்ளி நீதான் வைக்கணும்" என்று தந்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார். பங்காளிகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அக்கா அசையவில்லை. சிதைக்குத் தீ வைத்ததும் சாஸ்திரிகள், "திரும்பிப் பாக்காம நடம்மா, பாத்தா அப்பாவுக்குப் போக மனசு வராது" என்றார். இது தெரியாத வீடு நம்மில் உண்டா? அக்கா நடந்தார்.

அங்கே வேறொரு சாவுக்கு வந்திருந்த ஓவியர் ஒருவர் அதைப் பின்னாலிருந்து பார்த்தார். எரியும் சிதை, ஈரப்புடவை, நிமிர்ந்து போகும் ஒரு பெண்ணின் முதுகு. அவ்வளவுதான் படம். அது பெரிய நகரங்களுக்குப் போனது, கடல் கடந்தும் போனது. 'வுமன் வாக்கிங் அவே', அதாவது விட்டு விலகிப் போகிறவள் என்று பெயர் வைத்தார்கள். ஓவியர் இந்த ஊரில் பிறந்தவர். அவள் ஏன் திரும்பவில்லை என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் ஒரு வரி சொல்லாமல் புகழை வாங்கிக்கொண்டார். தெரியாதவன் செய்திருந்தால் பொறுத்திருப்பேன்.

பெயர் சும்மா இருக்கவில்லை. "நம் நாட்டு ஓவியத்தின் மிகக் குளிர்ந்த முதுகு" என்று எவரோ ஒரு விமர்சகர் இங்கிலீஷில் எழுதினார். பிறகு கட்சி மாறிய தலைவரை 'வுமன் வாக்கிங் அவே' என்று எங்கள் ஊர் இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றின் தலையங்கத்தில் கேலி செய்தார்கள். தொழிலாளர்களைத் தெருவில் விட்டு ஆலையை மூடிய முதலாளிக்கும் அதே பெயர். கேலிச்சித்திரத்தில் வந்தது, குறுக்கெழுத்துப் போட்டியில் வந்தது. படத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூடச் சரளமாகச் சொல்லத் தொடங்கினார்கள். நரம்பில்லாத நாக்கு எதைத்தான் சொல்லாது?

பத்திரிகையில் அச்சான படத்தில், புடவையின் கரையை வைத்துத்தான் அக்கா தன்னை அடையாளம் கண்டாராம். என்னிடம் ஒருமுறை சொன்னார்: "முன்னால வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், கேட்டியோ. மூக்கும் கண்ணுமா ஒழுகிண்டு வந்தேன். அந்த மனுஷன் பின்னாலேயே நின்னுட்டார்."

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த அதிகாரி ஒருவர், சொல்லாமல் வேலையை விட்டுப்போன பெண்ணைப் பற்றி அக்காவிடமே, "டிபிகல் வுமன் வாக்கிங் அவே, மேடம்" என்றார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணு குளிக்கப் போயிண்டிருந்தா சார். சுடுகாட்லேர்ந்து வந்தா குளிக்காம உள்ள வரப்படாதே" என்றார். அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது, எவரும் சிரிக்கவில்லை.

அந்தத் தலையங்கம் எழுதிய பத்திரிகையின் ஆசிரியரை அக்கா ஒருநாள் நேரில் பார்க்கப் போனார். துணைக்கு நானும் போனேன். அவரும் கரமனைத் தெருக்காரர்தான். தன் அப்பா இறந்து மொட்டையடித்த தலையில் அப்போதுதான் முடி முளைத்துக்கொண்டிருந்தது. அக்கா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அந்தப் பெண் ஏன் திரும்பவில்லை என்று பத்திரிகையில் ஒருமுறை, ஒரே ஒருமுறை எழுத வேண்டும்.

"அது இப்போ இங்கிலீஷ் ஆயிடுத்து மாமி. நம்ம கையில இல்ல" என்றார் அவர்.

"போன மாசம் அப்பாவுக்குக் கொள்ளி வச்சேளே, நீங்க திரும்பிப் பாத்தேளா?"

"அது வேற கார்யம் மாமி."

வேறு காரியமாம்! வீட்டில் சம்பிரதாயம், மேசைக்கு வந்தால் இங்கிலீஷ். தன் முதுகு பக்தி, அடுத்தவள் முதுகு கல்நெஞ்சு. வெளியே வந்ததும் நான் திட்டித் தீர்த்தேன். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு அக்கா, "அப்பா பேரையாவது போட்டிருக்கலாம்" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அந்த ஒரு வரி கடைசிவரை எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

அவர் இறந்த அன்று மதியம் அதே பத்திரிகையின் நிருபர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நான் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். கொள்ளி, சாஸ்திரிகள், தந்தையின் பெயர் சுப்பிரமணிய ஐயர் என்பது வரை. "தாங்க்ஸ் சேச்சி, கார்யம் மனசிலாயி" என்றார். அவருக்குப் புரிந்த லட்சணத்தைச் சாயங்காலம் சுடுகாட்டில் பார்த்தேன்.

அக்காவின் மகள் வித்யா கொள்ளி வைத்தாள். கணவரும் இல்லாத அக்காவுக்கு அவள் ஒருத்திதான். முகம் வீங்கி, கால் தடுமாறி அவள் நடக்கத் தொடங்கியபோது, சிதையருகே ஒருவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்றான். அம்மாவுக்குச் செய்ததையே மகளுக்கும் செய்ய அனுப்பியிருக்கிறார்கள்! நான் அவள் முதுகை மறைத்துக்கொண்டு பின்னால் ஒட்டி நடந்தேன்.

"சேச்சி, ஒண்ணு மாறுமோ?" என்று என்னை விலகச் சொன்னான் அவன்.

அங்கே எவரும் திரும்பக் கூடாது. நான் திரும்பினேன். "மாற மாட்டேன். எடுடா, என் மூஞ்சிய எடு. இதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு வைக்கணுமோ வச்சுக்கோ" என்று கத்தினேன். அவன் கேமராவைத் தாழ்த்தினான். வித்யா வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

நான் திரும்பியதால் உங்களுக்குப் போக மனம் வராமல் ஒரு நிமிடம் நின்றிருந்தால் மன்னியுங்கள் அக்கா. அவனை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. உங்கள் பெண் முகத்தை எவனும் கேட்கவில்லை, முதுகையும் நாங்கள் கொடுக்கவில்லை. நிம்மதியாகப் போங்கள்.