சுவரில் தலைவர், அலுவலகத்தில் ஏணி

சுவரில் படம் வரைகிறவரும் அதை அழிக்கிறவரும் ஒரே ஆள்தான் என்று சலூன்காரர் சத்தியம் செய்தார். என் தலையில் மிச்சமிருக்கும் நாலு முடியைத் தடவி ‘அடர்த்தியாத்தான் இருக்கு சார்’ என்று மாதாமாதம் சொல்கிறவரும் அவரே. ஆகவே விசாரிக்கப் போனேன்.

ஆள் நகராட்சியில் சுவர் அழிக்கிறவர். நகராட்சி ஸ்டோரில் கொடுக்கும் ஒரே பெயிண்ட் சாம்பல் நிறம் என்பதால் அவர் பெயரும் சாம்பல். பன்னிரண்டு வருடத் தினக்கூலி. வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு ஒருவழியாக நகராட்சித் தலைவரின் மேசைக்குப் போயிருந்தது. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் தலைவர் முளைத்தார். இரண்டு ஆள் உயரம், தொட்டிக்குள் உறிஞ்சுகுழாய், ஊர்த் தண்ணீரைக் குடித்து உப்பிய கன்னம்.

வரைந்தவர்கள் புரட்சிக்காரர்கள். தண்ணீருக்காகப் பொங்கியவர்கள், பிரஷ்ஷைக் கழுவிவிட்டுத் தெருக்குழாயை மூடாமலே போயிருந்தார்கள். ஊர்மக்களோ மூன்று நாளாக அந்தப் படத்தின் கீழேயே குடத்தோடு நின்றார்கள். போனிலிருந்து ஒரு தலையும் நிமிரவில்லை.

நான்காம் நாள் நகராட்சிப் பொறியாளரிடமிருந்து சாம்பலுக்கு எழுத்தில் உத்தரவு வந்தது. ‘பாதிக்கப்பட்ட பகுதியை மட்டும் பூசவும்’ என்பது நகராட்சி விதி. ஒரு விரல் அகலம் கூடினாலும் ஸ்டோர்காரர் எழுத்தில் விளக்கம் கேட்பார். சாம்பலோ ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடித்துக் கை பழகியவர்; கண்ணாடியில் ஒரு பொட்டுப் படாமல் ஓரம் பிடிப்பார். நகராட்சி ஏணிக்கு மூன்று படி கிடையாது என்பதால் மைத்துனரின் ஏணியை இரவல் வாங்கி ஏறினார். மூக்கு, தொந்தி, உறிஞ்சுகுழாய் என்று எதிலும் கோடு தாண்டாமல் பூசி முடித்து இறங்கினார். வண்ணத்தில் யாரும் கவனிக்காத தலைவர், வெள்ளைச் சுவரில் சாம்பலானதும் அடுத்த தெரு பஸ்ஸிலிருந்தே தெரிந்தார்.

அப்புறம்தான் ஊருக்குக் கண் திறந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் படம் பிடித்தார்கள். புரட்சிக்காரர்கள் சாம்பலை ஒரு வார்த்தை கேட்காமல் ‘மௌனப் போராளி’ என்று நோட்டீஸ் அடித்தார்கள். அதைப் படித்த அவர் மனைவி, “வீட்டுக் குழாய் ஆறு மாசமா ஒழுகுது, அதைப் பார்க்கவே உங்களுக்கு நேரமில்ல. போராட எப்பங்க போனீங்க?” என்று கேட்டாராம்.

தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். யார் தூண்டுதல் என்று பொறியாளர் மிரட்ட, “நீங்கதான் சார். பாதிச்ச இடம் மட்டும்னு எழுதியிருந்தீங்களே,” என்றார் சாம்பல்.

“வரைஞ்சதே இவன்தான்யா,” என்றார் தலைவர். “ஒரு பேப்பரைக் குடுங்க. என்னை வரையட்டும். கையைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்.”

பன்னிரண்டு வருட உழைப்பு அந்த ஒரு தாளில் வந்து நின்றது. அரை மணி நேரம் வியர்த்து வரைந்தார். கோப்பில் அந்தத் தாளை நானே பார்த்தேன். ஒரு பூசணிக்காய், அதற்கு இரண்டு காது, அடியில் நாலு குச்சி.

தலைவர் வெகுநேரம் பார்த்தார். “இது நானா?”

“சாயல் இருக்குங்க,” என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார் பொறியாளர்.

வேறு வழியில்லாமல் ‘வரையும் திறன் அறவே இல்லை’ என்று குறிப்பெழுதி, சாம்பலை நிரந்தரமாக்கினார்கள். திறமையில்லை என்பதற்காகவே அங்கே ஒருவருக்கு வேலை கிடைப்பது இது முதல்முறை அல்ல. அதை எழுத்தில் ஒப்புக்கொண்டதுதான் முதல்முறை.

ஆக, வதந்தி பொய். சுவர் அப்படியே இருக்கிறது. நகராட்சியே பூசிய சாம்பலைப் ‘பாதிப்பு’ என்று சொல்ல விதியில் இடமில்லையாம்.

ஏணி மட்டும் ‘சதிக்குப் பயன்பட்ட பொருள்’ என்று சீட்டு ஒட்டப்பட்டு நகராட்சியின் ஆவண அறையில் நிற்கிறது. கேபிள் இழுத்துப் பிழைக்கும் மைத்துனர் தினமும் காலையில் வந்து வாசலில் நிற்கிறார்.

“மாமா, உங்களை நிரந்தரமாக்கிட்டாங்க, சந்தோஷம். என் ஏணியையுமா?”