காப்பு கட்டிய வாரத்தில் ஒரு ரிசார்ட் அறை

என் மனைவிக்குக் கடல் புதிதல்ல. எங்கள் ஊர் பெருமுக்கல் பக்கம். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மரக்காணம். மாசி மகத்துக்குப் போவோம், குளிப்போம், ஈரத் தலையோடு பஸ் பிடித்துத் திரும்புவோம். அவள் கேட்டது வேறு. திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆயா வேலை, மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி. “ஒரே ஒரு ராத்திரி, அலை சத்தம் கேட்டுக்கினே தூங்கணுங்க” என்று கல்யாணமான புதிதில் சொன்னாள். பதினேழு வருஷமாக அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்றே ஓட்டிவிட்டேன்.

இந்த ஆனியில் மகள்தான் செல்போனில் அந்த விளம்பரத்தைக் கண்டுபிடித்தாள். கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட். ஆடி மாதம் வார நாளில் வந்தால் பாதி வாடகை, காலை டிபனும் சேர்த்து. அன்றே என் நிம்மதி போயிற்று. படத்தில் இருக்கும் அறையைத்தான் கொடுப்பார்களா? ஜன்னலைத் திறந்தால் கடலா, கார் நிறுத்துமிடமா? எங்கள் ரப்பர் செருப்பைப் பார்த்து வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்டால்? விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறவன் நான். மூன்று பேரின் ஆதாரையும் நான்கு நான்கு நகல் எடுத்து வைத்தேன். எதற்கு நான்கு என்று எனக்கே தெரியாது.

கடைக்குப் போகும் பஸ் கூட்டேரிப்பட்டில் நின்றபோது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போன் செய்தேன். “இந்த ரேட்டுக்குக் கேன்சல் கிடையாது, டேட்டும் மாத்த முடியாதுங்க சார்” என்றார் மேனேஜர். ஆடி இரண்டாவது வாரம், வியாழக்கிழமை என்று சொன்னேன். எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது எப்போதும் ஆடி நாலாவது ஞாயிறு. அதையும் யோசித்துத்தான் சொன்னேன். பணத்தை அனுப்பிவிட்டு, இவ்வளவு மலிவான அறை வேறு ஒருத்தர் கண்ணிலும் படவில்லையே என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நாலு நாள் கழித்து ஊர்க் கூட்டம் முடிந்து கோயில் மைக்கில் அறிவித்தார்கள். நாலாவது வாரத்துக்குத் தெருக்கூத்து ஆடுகிற ஜமா எதுவும் கிடைக்கவில்லையாம். இந்த வருஷம் இரண்டாவது ஞாயிறே கூழ், அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை காப்பு. சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்று பேரின் கையும் நின்றது.

கோயிலில் காப்பு கட்டிவிட்டால் கூழ் ஊற்றி முடிகிறவரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், படுக்க ஊருக்கு வந்துவிட வேண்டும். ஒவ்வொரு வருஷமும் அந்த வாரத்துக்கு மட்டும் என் மனைவி கெஞ்சிக் கூத்தாடிப் பகல் டூட்டி வாங்கிவிடுவாள். சுற்றுவட்டாரம் முழுக்க ஆடியில் இதே கட்டுப்பாடுதான். வாடகை ஏன் பாதி என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

மேனேஜரிடம் மறுபடி பேசினேன். “வருஷா வருஷம் இதே பேஜாருதாங்க சார். காப்பு, காப்புன்னு போன் பண்றாங்க. நான் இன்னா பண்றது?” என்றார்.

“யாருக்கும் தெரியாம போய்ட்டு வந்துடலாமா?” என்று மனைவியிடம் கேட்டேன். கேட்கும்போதே வாசல் கதவைச் சாத்தினேன்.

“போன வருஷம் காப்புல வெளிய தங்குனவங்க வீட்ல அம்மா போட்டுச்சே, மறந்துட்டீங்களா? பொண்ணு பன்னண்டாவது படிக்கிதுங்க” என்றாள்.

நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் மகளுக்கு அம்மை வருகிறதா பார்ப்போம் என்று சோதிக்கிற துணிச்சலும் எனக்கில்லை.

“வுடுங்க, பரவால்ல” என்று அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். செவ்வாயன்று காப்பு கட்டினார்கள். புதன்கிழமை மாலை மகள்தான் கேட்டாள்: “பகல்ல போலாம் இல்லப்பா? ரூமு நம்முளுதுதானே?”

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அறைக்குள் நுழைந்தோம். செருப்பை யாரும் பார்க்கவில்லை. ஆதாரையும் ஒரு நகல்தான் கேட்டார்கள். ஒரு தென்னை மறைத்தாலும் ஜன்னலில் கடல் தெரிந்தது. மனைவி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தடித்த திரையை இழுத்து மூடினாள். அறை இருண்டது.

“ராத்திரின்னு வெச்சிக்கலாம்” என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள்.

மகள் வெளியே வராந்தாவில் உட்கார்ந்துகொண்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மணி பார்த்தேன். ஆறு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வருமோ, இருட்டிவிடுமே என்று ஒரே பதைப்பு. அவளோ கன்னத்தடியில் கையை வைத்து, வாய் லேசாகத் திறந்தபடி, அசையாமல் தூங்கினாள். அலை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

ஐந்தரைக்கு மனசே இல்லாமல் தோளைத் தொட்டேன். திடுக்கிட்டுக் கண் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

“வெடிஞ்சிடுச்சாங்க?” என்றாள்.

“வெடிஞ்சிடுச்சு” என்றேன்.