ஐந்துக்கு மூன்று

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்து நின்றபோது அவரைச் சந்தித்தேன். கடல்காற்றிலும் கசங்காத வெள்ளைச் சட்டை. ஜேர்மனியில் குடியேறிய தமிழராம். எந்த நாட்டில் சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேருகிறது என்று அளந்து, நாடுகளை வரிசைப்படுத்துவது அவருடைய வேலை. அந்தப் பழக்கத்தில் எல்லாவற்றுக்குமே ஐந்துக்குப் புள்ளி போட்டார். கடைத் தேத்தண்ணிக்கு நாலு, வெயிலுக்கு ஒன்று.

"எங்கட நாட்டுக்கு எத்தினை, தம்பி?"

"ரெண்டுதான் அக்கா குடுத்தனான். இங்க சாமான் நேரத்துக்குப் போய்ச் சேராது எண்டு சொல்லுகினம்."

எனக்குக் கோபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. நெடுந்தீவில் இருக்கும் என் கடைக்கான கோதுமை மா மூட்டைகள் முந்தநாளில் இருந்து இறங்குதுறையிலேயே கிடந்தன. அனுப்பினால் வந்து சேரும் ஊரில் இருப்பவருக்குச் சட்டை ஏன் கசங்கப்போகிறது?

படகு வந்தது. அவர் முதலில் ஏறி உள்ளே போய் அமர்ந்தார். படகுக்காரர் அவருடைய பெரிய பெட்டிகளைப் பார்த்தார். அப்போதுதான் ஏற்றிய என் மூட்டைகளை இறக்கிவிட்டு அவற்றை ஏற்றினார்.

"வெளியில இருந்து வந்த ஆளக்கா. உங்கட மாவை நாளைக்குப் பாப்பம்."

நெடுந்தீவில் இறங்கியதும் அவர் பெட்டிகளைச் சரிபார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சொல்லுற அளவுக்கு மோசமில்லை அக்கா. மூண்டு போடலாம்."

நாடு ஒரு புள்ளி முன்னேறிவிட்டது. அவர்மேல் இருந்த பொறாமை அப்போதே போய்விட்டது. அவருடைய பெட்டிகள்மேல்தான் இன்னும் இருக்கிறது.