கொய்யாவில் ரத்தம் இல்லை!

இன்று காலை மைன்ஸ் போகும் ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ்ஸில் ஒரு கொய்யாவை இடது பக்கப் பல்லால் கடித்தேன். கடித்த இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது!

பக்கத்து சீட்டு முருகேசன் வாங்கிப் பார்த்தார். "எதக் கடிச்சாலும் செவந்துக்கினு இருந்துச்சே! இன்னா மருந்துங்க?"

மருந்தே இல்லை. ரத்தம் வருகிறதே என்று அந்தப் பக்கம் இரண்டு வருடமாக பிரஷ்ஷே வைக்காமல் இருந்தேன். போன மாதம் பல் டாக்டர் ஈறோரம் படிந்த காரையைச் சுரண்டிவிட்டுச் சொன்னார்: "தேய்க்காததாலதாங்க ரத்தமே வருது. மெதுவா, தினமும் ரெண்டு வேளை தேய்ங்க."

இதைச் சொன்னதும் பஸ்ஸில் எல்லார் நாக்கும் அவரவர் ஈறைத் தடவத் தொடங்கிவிட்டது!

ஆகவே இந்தக் காகிதத்தை பஸ் ஸ்டாப் பலகையில் ஒட்டி, பேனாவும் கட்டியிருக்கிறேன். நீங்கள் எந்தப் பக்கம் தேய்ப்பதில்லை என்று கீழே எழுதுங்கள். பெயர் வேண்டாம், கையெழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவோம்.