லாடம் அடித்தவரின் முகம்

பழைய படத்தை இன்றைய தியேட்டருக்குத் தயார் செய்து கொடுப்பது என் தொழில். சதுரத்தை அகலத்தில் உட்கார வைக்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கல்யாணக் கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றி, புது டிவியில் போட்டு, மாப்பிள்ளையும் பெண்ணும் எப்போது இப்படிப் பெருத்தார்கள் என்று திகைத்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம் ஆள்தான்.

கருப்பு

தர்மபுரியில் ஸ்டூடியோ வைத்திருந்தவரின் மகன் செல்வம். அவருடைய அப்பா ஒரு காலத்தில் பதினாறு எம்.எம். கேமராவில் காரிமங்கலம் மாட்டுச் சந்தையைப் படமெடுத்திருந்தார். சில நிமிடப் படம். செல்வம் அதைப் பெங்களூரில் கம்ப்யூட்டருக்கு மாற்றி என்னிடம் கொண்டுவந்தார். அப்பாவின் நினைவு நாளன்று காலைக் காட்சிக்கு முன் தியேட்டரில் போட்டு ஊருக்கே காட்ட ஆசை.

பழைய பிலிம் கிட்டத்தட்டச் சதுரம். அப்படியே போட்டால் திரையின் இரண்டு பக்கமும் கருப்பாக நிற்கும். இழுத்தால் ஆட்கள் குண்டாவார்கள். பெரிதாக்கினால் மேலே தலை போகும், கீழே கால் போகும். கருப்பே இருக்கட்டும் என்று மன்றாடினேன். செல்வம் அரை மனதோடு தலையாட்டினார்.

"சரிங்க, வெச்சுக்கங்க. ஆனா எங்கப்பா இந்தக் கருப்ப எடுக்கவே இல்லீங்களே."

ஈ

பிலிம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தூசி. அதைத் துடைப்பதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. ஓட்டிவிட்டு, கழுவிவிட்ட மாதிரி இருந்த படத்தைப் பெருமையோடு போட்டுக் காட்டினேன். செல்வம் மாடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பளிச்சுனு இருக்குதுங்க. ஆனா ஒரு ஈகூட இல்லாம மாடு எதுக்குங்க வால ஆட்டிக்கிட்டே நிக்குது?"

ஈக்களைத் திரும்பக் கொண்டுவருவதற்குள் எனக்குக் கண் பூத்துவிட்டது.

பெரிதாகவே

செய்தி பரவி, காரிமங்கலத்திலிருந்து நூர்ஜஹான் என் கடைக்கு வந்தார். பஞ்சர் கடைக்காரரின் மனைவி. நூர்ஜஹானின் அத்தா, அதாவது அப்பா, அந்தச் சந்தையில் மாட்டுக்கு லாடம் அடித்தவர்; மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை. தேடிப் பார்த்தேன். இருந்தார். படுக்க வைத்த மாட்டின் குளம்பருகே குந்தியிருக்கிறார், திரையின் அடியோரத்தில். கடைசியில் நிமிர்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்.

சந்தோஷத்தில் மானிட்டரைத் திருப்பப் போனேன். நூர்ஜஹான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இப்ப வேணாங்க. அம்மாவுக்குக் கண்ணு மங்கல், பெருசா இருந்தாத்தான் தெரியும். தியேட்டர்லயே ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கறோம்."

காபி

நினைவு நாளன்று தியேட்டரில் படம் ஓடத் தொடங்கியது. கருப்பைக் காணோம். மாட்டுத் தரகர்கள் பாதி நெற்றியோடு பேரம் பேசினார்கள். ஆபரேட்டர் அறைக்குப் படியேறி ஓடினேன். கதவைத் தட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தபோது திரையில் லாடக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஒரு தொப்பி மட்டும் தெரிந்தது, சுத்தியல் மேலே வந்து வந்து போனது. அவர் நிமிர்ந்தபோதும் நெற்றிக்குக் கீழே ஒன்றுமில்லை.

ஆபரேட்டர் மணி நல்ல மனிதர், என் சிநேகிதர். முகமெல்லாம் சிரிப்பு.

"ரெண்டு பக்கமும் கருப்பா நின்னுச்சுப்பா, பாக்க நல்லால்ல. ஜூம் வெச்சுச் சரி பண்ணிட்டேன். ஒரு காபி சொல்லு."

வாசலில்

திரும்பப் போடலாம் என்றால் காலைக் காட்சிக்குக் கூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. வேறு நாள் கேட்டேன்; புதுப்படம் வருகிறது என்று தியேட்டரில் கையை விரித்துவிட்டார்கள். வாசல் பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து அம்மாவுக்கும் மகளுக்கும் காட்டினேன். அந்த முகம் தெரிந்தவருக்குப் படம் தெரியவில்லை. படம் தெரிந்தவருக்கு அந்த முகம் தெரியாது. என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டு நின்றதில்லை.

"இவருதானாம்மா?" என்று நூர்ஜஹான் கேட்டார். அம்மா திரையில் மூக்கு தொடுமளவு குனிந்தார். பிறகு நிமிர்ந்து, முன்பல் ஒன்று ஒடிந்திருக்கிறதா என்று மகளிடம் கேட்டார். ஒடிந்திருந்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப அவருதாண்டி. எம்பக்கம் பாத்தா சிரிக்கறாரு?"

இப்போதெல்லாம் நான் தயார் செய்யும் ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் 'பக்கத்துக் கருப்பைத் தொடாதீர்கள்' என்று அடியில் கொட்டை எழுத்தில் போட்டுக் கொடுக்கிறேன். அந்த வரியையும் பாதி வெட்டித்தான் திரையிடுகிறார்கள்.