உள்சுவர் ஆள் கூப்பிட்டது

மதுரங்குளியில் என் நெஞ்சு வலியைப் பார்த்த டொக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் விளக்கம் சொல்லாமல் ஆளை விடமாட்டார்.

"கொலஸ்ட்ரோல்ல கொஞ்சம் இரத்தக்குழாய் உள்சுவருக்குள்ள போய், ஒக்சிசன் பட்டுப் பழுதாகும், எண்ணெய் காறிப்போற மாதிரி. அதைக் கண்டு உள்சுவர் பயந்து, சமிக்ஞை அனுப்பி வெள்ளை அணுக்களைக் கூப்பிடும். வந்ததுகள் பழுதானதைத் திண்டு வீங்கி, அங்கயே இருந்துரும். குழாய் ஒடுங்கும். நெஞ்சு இறுகினா, சுணங்காமப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க."

இதை மனைவியிடம் சொன்னதுதான் தாமதம், அவள் போனை எடுத்துவிட்டாள்.

முதலில் கற்பிட்டியிலிருந்து அவளோடு கூடப்பிறந்த லாத்தா, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த வட்டிலப்பத்தோடு வந்தார். பின்னால் என் தகப்பனின் தம்பி சாச்சா, மாட்டிறைச்சி ஆணத்தோடு. சுகம் விசாரிக்க வெறுங்கையோடு வருவது எங்கள் ஆட்களுக்கு மானக்கேடு. யுத்தம் முடிந்து பாதை திறந்திருந்ததால் மன்னாரிலிருந்தும் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். நோயாளிக்கு ஆகாதே என்று, கொண்டுவந்த அத்தனையையும் அவர்களே சாப்பிட்டார்கள். போனார்களா? "மனுசனை இப்பிடி உட்டுட்டு எப்பிடிப் போற?" என்று பாயை விரித்தார்கள்.

மன்னாரிலிருந்து அகதியாக வந்த காலத்தில் நாங்கள் கட்டிய வீடு அது. என் அறையிலிருந்து வாசலுக்கு ஒரேயொரு ஒடுங்கிய நடை. அதன் இரண்டு பக்கமும் சுவரில் சாய்ந்து, வயிற்றைத் தடவிக்கொண்டு சொந்தக்காரர்கள்.

ஒரு பகல் நெஞ்சு இறுகியது. ஓட்டோ வாசலில் வந்து நின்றது. எனக்கு வழிவிட எல்லோரும் ஒன்றாக எழும்பினார்கள். இருந்த கொஞ்சநஞ்ச இடமும் அடைபட்டது. "வழி உடுங்க, வழி உடுங்க!" என்று நட்டநடுவில் நின்று கத்தினார் சாச்சா. கடைசியில் என்னை ஜன்னலால் வெளியே இறக்கினார்கள். யா அல்லாஹ், உயிரைவிட இடுப்புச் சாரனைப் பிடித்துக்கொள்வதே எனக்குப் பெரிய பாடாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் இரத்தக்குழாய்க்குள் சின்ன வலையொன்றை வைத்து விரித்துவிட்டார்கள். கண் விழித்தால் கட்டிலோரத்தில் மனைவி, கையில் போன்.

"இன்னும் யாரைக் கூப்பிடப் போறாய்?" என்று பாய்ந்தேன்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "பயத்துல என்ன செய்யிறெண்டு தெரியாமத்தானே கூப்பிட்டன். நீங்க மௌத்தாப்போனா எனக்கு யாரு இரிக்கா?"

அந்த உள்சுவரும் பயந்துதான் கூப்பிடுகிறது என்று டொக்டர் சொன்னாரே. அவளைப் பார்க்க எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

"சரி, கூப்பிடு" என்றேன். "சாப்பிட்டு முடிஞ்சா ஊட்டுக்குப் போகணும் எண்டும் செல்லு."

அவள் போனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.